மரக்குழாய்க்குள் கிண்ணம்

சனிக்கிழமை, காலை 9.40.

குமுதா கொக்கியை மேலே இழுத்தபோது முதலில் வந்தது ஒரு துண்டு. துண்டுக்குள் ஏதோ கனமாக இருந்தது.

தேவாலயத்தின் ஆர்கன் அறைக்குள் அவள் நின்ற பலகை ஓரடி அகலம்கூட இருக்காது. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் வரிசையாக மரக்குழாய்கள், ஒவ்வொன்றும் ஆளைவிட உயரம். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். கறுத்துப்போன ஒரு வெள்ளிக் கிண்ணம். உள்புறம் மட்டும் தங்கப்பூச்சு மங்கலாக மின்னியது. அடியில் 1911 என்று வெட்டியிருந்தது.

"என்னக்கா, எலியா?" என்று கீழேயிருந்து கேட்டார் போதகர் ஜெயசீலன். முப்பது வயது. பினாங்கிலிருந்து ஈப்போவுக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம்தான்.

"எலி இல்ல பாஸ்டர்."

அந்தக் கிண்ணத்தை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பதின்மூன்று வயதிலிருந்து அதனோடுதான் குடும்பம் நடத்தியிருந்தாள்.

2003ஆம் ஆண்டு ஈஸ்டர் அன்று காலை திருவிருந்துக் கிண்ணம் அலமாரியில் இல்லை. தேவாலயக் காவலாள் சன்னாசியைக் கூப்பிட்டார்கள். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருக்கும். அவர் எடுக்கவில்லை என்றார். மறுநாள் அவரை அனுப்பிவிட்டார்கள். போலீசுக்குப் போகவில்லை, அதைக் கருணை என்று சொல்லிக்கொண்டார்கள். போயிருந்தால் யாராவது நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். கருணை காட்டியதால் ஒருவரும் கேட்கவில்லை. சன்னாசி மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்துக்குப் போனார். அதன்பிறகு ஈப்போவில் கால் வைக்கவில்லை. கண் ஆபரேஷனுக்குக்கூட தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிதான்.

அந்த மகள்தான் இப்போது பலகையின் மேல் நின்றாள். கீழே இருப்பவர்களுக்கு அவள் ஏசி பழுதுபார்க்கும் வெறும் ஏர்கோன்காரி. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

வேலைக்கு அழைப்பு வந்தது வியாழக்கிழமை. தேவாலயச் செயலர் கனகராஜ் பேசினார். ஆர்கனுக்குக் காற்று தள்ளும் மோட்டார் சத்தம் போடுகிறதாம். ஆர்கன் வாசிக்கும் அம்மாதான் இந்த நம்பரைக் கொடுத்தாராம். ஏர்கோன் சரிபார்க்கிறவளுக்கு ஆர்கன் தெரியுமா என்று சந்தேகமாகக் கேட்டார். காற்று காற்றுதானே அங்கிள் என்றாள் குமுதா.

மறுத்திருக்கலாம். அந்தத் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் அவள் வளர்ந்தாள். சனிக்கிழமை மாலைகளில் ஆர்கன் சத்தம் சுவர் வழியாக வரும். சிமெண்டுத் தரையில் படுத்திருந்தால் முதுகெலும்பில் ஏறும். அது எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்று பார்க்க ஆசை. அப்பா ஒருநாளும் உள்ளே விட்டதில்லை. முப்பத்தைந்து வயதில் அந்த ஆசை அப்படியே இருந்தது. வேனை எடுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே போய்ப் பார்த்தபோது எல்லாம் அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். ஒரு மூலையில் மோட்டார். அதிலிருந்து மரத்தாலான பெரிய காற்றுக்கால்வாய். அது போய்ச் சேருமிடம் ஒரு துருத்தி. இரட்டைக் கட்டில் அளவு, தோல் மடிப்புகள், மேலே பாரத்துக்குச் செங்கற்கள். துருத்தியிலிருந்து காற்று ஒரு நீளப் பெட்டிக்குப் போகிறது. பெட்டியின் மேல் குழாய்கள் நிற்கின்றன. ஒவ்வொரு குழாயின் காலடியிலும் ஒரு சின்னக் கதவு. வெளியே விசையை அழுத்தினால், மெல்லிய மரச்சட்டம் ஒன்று அந்தக் கதவை இழுத்துத் திறக்கும். காற்று ஏறும். குழாய் பேசும். ஷாப்பிங் மாலின் கூரைக்குள் அவள் தினமும் ஊர்ந்து பார்ப்பதும் இதேதான்; அங்கே காற்று குளிராக வரும், இங்கே சத்தமாக வந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் பளபளப்பான உலோகக் குழாய்களில் பாதி வெறும் அலங்காரம். உண்மையான அடிக்குரல் பின்னால் இருட்டில் நிற்கும் முப்பது மரக்குழாய்களிலிருந்து வருகிறது. காலால் மிதித்து வாசிக்கும் விசைகள் அவற்றுக்குரியவை. தலைப்பக்கம் ஒரு மூடிக்கட்டையால் ஒவ்வொன்றும் அடைக்கப்பட்டிருக்கும்.

மோட்டாரின் பேரிங் கொஞ்சம் தேய்ந்திருந்தது. உயிர்போகும் அளவுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை அதை மாற்றிவிட்டாள். சனிக்கிழமை காலை சோதனைக்கு வந்தபோது, முப்பது கால்விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கச் சொல்லி ஆர்கன் அம்மா சொல்லியிருப்பதாகப் போதகர் தெரிவித்தார். இவள் உள்ளே நிற்க, அவர் வெளியே மண்டியிட்டுக் கையால் அழுத்தினார்.

முதல் விசை, சி என்னும் சுரம். குழாய் பேசியது, தரை அதிர்ந்தது. இரண்டாவது, சி-ஷார்ப். ஒன்றுமில்லை.

குழாயின் வாயருகே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காற்று வந்தது. குரல்தான் வரவில்லை. அப்படியென்றால் பெட்டியும் கதவும் சரி, அடைப்பு குழாய்க்குள்ளே. பலகைமேல் ஏறி, மூடிக்கட்டையைப் பிடுங்கி, கம்பியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டாள்.

*

காலை 10.30.

போதகர் போன் செய்ததும் கனகராஜ் பத்தே நிமிடத்தில் வந்துசேர்ந்தார். எழுபது வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெரிய உடம்பு. நாற்காலியில் உட்காரும்முன் ஒரு கையால் அதை அசைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. கிண்ணத்தை அவர் தொடவில்லை. துண்டைத்தான் எடுத்தார். ஓரத்தில் சிவப்பு எழுத்தில் குட் மார்னிங் என்று அச்சடித்த வெள்ளைப் பருத்தித் துண்டு. எல்லாக் கடையிலும் தொங்கும் சாதி.

"சன்னாசி துண்டு. இத தோள்ல போட்டுக்கிட்டுத்தான் அலைவான்."

"யாரு அங்கிள் அது?" என்றாள் குமுதா. குரல் ஆடாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

அவர் சொன்னார். அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். ஆனால் திருடன் என்ற சொல்லை அவள் இவ்வளவு சாவகாசமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிறகு தீர்ப்பு. ஆர்கன் அறைச் சாவி அவனிடம் மட்டும்தான் இருந்தது. கிண்ணத்தை எடுத்து, குழாய்க்குள் போட்டு, பரபரப்பு அடங்கியதும் எடுத்துக்கொண்டு போக நினைத்திருக்கிறான். அதற்குள் நாங்கள் விரட்டிவிட்டோம். கர்த்தர் காப்பாற்றினார். நாளைக்கு ஆராதனையில் அறிவித்துவிடலாம், பாஸ்டர்.

"பேரச் சொல்லியா?" என்றார் போதகர்.

"பேரச் சொல்லாம? அன்னிக்குச் சில பேர் எங்களத் தப்பா பேசினாங்க லா. அவங்களுக்கும் தெரியட்டும்."

இதுவரை அப்பா மேல் இருந்தது ஒரு சந்தேகம். நாளைக்குக் காலை பத்து மணிக்கு அது உறுதியாகிவிடும். கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவளே.

குமுதா போதகரைத் தனியாகக் கூப்பிட்டுத் தான் யாரென்று சொன்னாள். சாயங்காலம் வரை டைம் குடுங்க பாஸ்டர், கேள்வி கேட்க வேண்டியது நிறைய இருக்கு என்றாள். அவர் தலையாட்டினார். செயலரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லவில்லை.

*

காலை 11.15.

அவள் முதலில் திரும்பிப் போனது குழாயிடம். மோட்டார் ரிப்பேரில் அவள் படித்தது ஒன்றுதான்: கெட்ட இடத்தைப் பார்க்காதே, கெட்டுப்போன விதத்தைப் பார்.

ஏணி இடதுகோடியில் இருந்தது. ஏறியதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது சி, இருப்பதிலேயே பெரிய குழாய். அதற்கு அடுத்து டி, பிறகு ஈ. குழாய்கள் விசைகளின் வரிசையில் நிற்கவில்லை; பாரம் சமமாக இருக்க ஒன்றுவிட்டு ஒன்று இரண்டு பக்கமும் பிரித்து வைத்திருந்தார்கள். சி-ஷார்ப் வலதுகோடியில். அதை அடைய அந்தப் பலகையில் பக்கவாட்டில் பதினைந்தடி நகர வேண்டும். அவளுக்கே வயிற்றை எக்கத்தான் வேண்டியிருந்தது.

மூடிக்கட்டையை வெளிச்சத்தில் திருப்பினாள். பக்கவாட்டில் ஒரு கோடு, நீலப் பென்சிலில், நேராக. கட்டையைக் குழாயில் செருகி, கோடு விளிம்போடு சேரும்வரை இறக்கினாள். போதகரை அழுத்தச் சொன்னாள். சி-ஷார்ப் பேசியது. இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்த்தாள், சுருதி ஏறியது. தூக்கினாள், இறங்கியது. கோட்டில் வைத்தால் மட்டுமே மேல்ஸ்தாயி சி-ஷார்ப்போடு சரியாகச் சேர்ந்தது.

பக்கத்திலிருந்த நான்கு குழாய்களின் கட்டைகளையும் பார்த்தாள். ஒன்றிலும் கோடு இல்லை.

பிறகு துண்டு. ஒரு மூலையில் அது கிழிந்திருந்தது. கிழிசலை யாரோ பொடித்தையலாகத் தைத்திருந்தார்கள். அரிசி மணியில் பாதி இருக்கும் ஒவ்வொரு தையலும். அவளுடைய அம்மா கிழிந்த துண்டை இன்னும் கிழித்துச் சட்டி துடைப்பாள். இரண்டு ரிங்கிட் விலைத் துண்டை உட்கார்ந்து தைக்க அம்மாவுக்கு ஏது நேரம்?

வாசிக்கும் இடத்தில், பெஞ்சுக்குப் பக்கத்து ஆணியில், கயிறு கோத்த ஒரு நோட்டு தொங்கியது. பழுதுப் புத்தகம். ஆர்கனில் எது கெட்டாலும் வாசிப்பவர் தேதி போட்டு எழுத வேண்டும். 1988 முதல் ஒரே கையெழுத்து. கடைசிப் பதிவு போன மாதம். 2002க்குப் பிறகு சுருதி சேர்க்கிறவரை வரவழைப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று போதகர் சொன்னார். படிக்க ஆளில்லாத புத்தகத்தில் அந்த அம்மா இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். பெஞ்சு கிறீச்சிடுகிறது. மழைக்காலத்தில் மேல்வரிசை விசைகள் ஒட்டுகின்றன. ஏ-ஃப்ளாட் அரை நொடி தாமதம். துருத்திக்கு அடியில் பல்லி முட்டை. குமுதா ஒரு பக்கம் விடாமல் படித்தாள். அரை மணி நேரம் ஆனது.

*

பகல் 12.20.

கனகராஜ் பக்கத்துக் கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குமுதா எதிரே உட்கார்ந்து, பழைய கதை கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள். அவருக்கும் சொல்லப் பிடித்திருந்தது.

அப்போதெல்லாம் மோட்டார் அடிக்கடி கெடும்; அந்த வாரமும் எரிந்துபோயிருந்தது. அதனால் பின்பக்கச் சந்தில் இருக்கும் நெம்புகோலை ஏற்றி இறக்கிச் சன்னாசிதான் துருத்திக்குக் காற்றடித்தார். சனிக்கிழமை பாடகர் ஒத்திகை. பாடகர்களை நடத்தியவர் கனகராஜ். ஐந்தரைக்கு எல்லோரும் ஒரே பஸ்ஸில் கிளம்பினார்கள், அவரும்தான். ஆர்கன் வாசிக்கும் புஷ்பலதா மட்டும் தனியாக வாசித்துப் பழக இருந்தார். காற்றடிக்கச் சன்னாசியும் இருந்தார்.

"ஒத்திகைக்கு முன்னாடி கிண்ணம் இருந்துச்சா?"

"நானே தொடச்சு வச்சேன். அலமாரி பூட்டுறதில்ல, பாடகர் அங்கி அதுலதான் இருக்கும்."

"சன்னாசிக்கு வேலை போயிருமேன்னு பயம் இல்லையா?"

கனகராஜ் சிரித்தார். அவன்தான் ஏற்கெனவே வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டானே. ஏப்ரல் முப்பதோடு சரி. சாவி ஒப்படைக்க வேண்டியதுதான் பாக்கி. அது சாமான்யமில்லை, பொருள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும்வரை ஆளை விடமாட்டார்கள். அவனுக்கு முன்னால் இருந்தவன் ஒரு மெழுகுவத்தித் தண்டுக்காக இரண்டு மாதம் கூடுதலாக இருந்தான்.

"சன்னாசி ஏன் வேலைய விட்டாரு?"

"யாருக்குத் தெரியும்? கேட்டா ஒண்ணும் சொல்லல."

குமுதாவுக்கும் தெரியாது. வேலையை விடுவதாக அப்பா எழுதிக் கொடுத்திருந்தார் என்பதையே அவள் இப்போதுதான் கேள்விப்படுகிறாள்.

*

பகல் 1.05.

வேனுக்குள் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டாள். பின்னணியில் தேங்காய் மட்டை உரிக்கும் சத்தம்.

"அப்பா, கையால காத்தடிப்பீங்களே, அப்ப ஆர்கன் ரூம் கதவு தொறந்திருக்குமா?"

அவர் யோசித்தார். "தொறந்துதான் இருக்கும். துருத்தி ஏறி எறங்குறது தெரியணும்ல."

"கதவு எங்க?"

"என் மூஞ்சிக்கு நேரா. எதுக்கு?"

"ஈஸ்டருக்கு மொத நா, ஒத்திகை முடிஞ்சு, யாரு உள்ள..."

"யாரும் போகல."

மட்டை உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யாரும் போகலன்னு சொல்றேன்ல. நீ அங்க எதுக்குப் போன?" வைத்துவிட்டார்.

குமுதா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முதல் கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்ன மனுசன், கடைசிக் கேள்வியை முடிக்கவே விடவில்லை.

*

மாலை 4.00.

புஷ்பலதா வழக்கம்போல ஒத்திகைக்கு வந்தார். அறுபத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைப் பருத்திச் சேலை, காலில் தோல் மெலிந்த ஒரு கறுப்புச் செருப்பு. கால்விசை மிதிக்க மட்டும் அணிவது. மேசையில் கிண்ணம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

கனகராஜும் போதகரும் முன்வரிசையில் இருந்தார்கள். குமுதா நின்றபடியே பேசினாள்.

"அங்கிள் சொல்றது, சாவி வச்சிருந்தவருதான் எடுத்தாருன்னு. சாவி அன்னிக்கு ஒரு பொருட்டே இல்ல. கையால காத்தடிக்கிறப்ப அந்தக் கதவு தொறந்துதான் இருக்கும். ஆனா அடிக்கிறவரால நகர முடியாது. கைய எடுத்தா துருத்தி எறங்கிடும்."

"அப்ப அடிக்காத நேரத்துல போட்டிருப்பான்," என்றார் கனகராஜ்.

"இருக்கலாம். ஆனா எந்தக் குழாய்ல? ஏணி ஏறினா மொதல்ல நிக்கிறது சி. பெரிய குழாய், கை எட்டும். ஒளிக்கிறவரு அத விட்டுட்டு ஒரு சாண் பலகையில கடைசி வரைக்கும் போயிருக்காரு. ஏன்? சி பேசலன்னா அடுத்த நாளே எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் அது வேணும். சி-ஷார்ப் அபூர்வம். வந்தாலும் மேல இருக்கிற சி-ஷார்ப்ப மிதிச்சா போதும். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. இது வாசிக்கிறவங்களுக்குத் தெரியும். காத்தடிக்கிறவருக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியும் அது," என்றார் கனகராஜ், முறைத்துக்கொண்டு.

"உங்களுக்குத் தெரியும். ஆனா அந்தப் பலகையில நீங்க போக முடியாது அங்கிள். அங்கி ரூம்ல 2003 போட்டோ மாட்டியிருக்கு. அப்பவும் முடியாது."

போதகர் தரையைப் பார்த்தார்.

"அடுத்தது, நீலக்கோடு. மூடிக்கட்டைய எந்த ஆழத்துல வைக்கிறோமோ அதுதான் சுருதி. புடுங்குறதுக்கு முன்னாடி யாரோ கோடு போட்டு, பழையபடி அதே எடத்துல வச்சிருக்காங்க. பேசாத குழாய்க்கு எதுக்குச் சுருதி? திரும்பவும் பேச வைக்கப்போறவங்களுக்குத்தான் அது வேணும். திருடுறவனுக்கு வேணாம். கொஞ்ச நாளைக்கு ஒளிச்சு வைக்கிறவங்களுக்கு வேணும்."

அவள் பழுதுப் புத்தகத்தை ஆணியிலிருந்து எடுத்தாள்.

"இதெல்லாம்கூட ஊகம்னு சொல்லலாம். இத அப்படிச் சொல்ல முடியாது. முப்பத்தேழு வருசம். பெஞ்சு கிறீச்சிட்டா எழுதியிருக்கு. பல்லி முட்டை எழுதியிருக்கு. அரை நொடி தாமதம் எழுதியிருக்கு. இருபத்திரண்டு வருசமா ஒரு குழாய் செத்துக் கிடக்கு, அதப் பத்தி ஒரு வரி இல்ல. அது கெட்டுப்போகலன்னு தெரிஞ்சவங்கதான் எழுதாம விட முடியும்."

புத்தகத்தைப் பெஞ்சின் மேல், புஷ்பலதாவின் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்கதான், ஆன்ட்டி."

கனகராஜ் எழுந்துவிட்டார். இந்தப் பெண்ணுக்கு மூளை கெட்டுவிட்டது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"உக்காருங்க கனகராஜ்," என்றார் புஷ்பலதா. "சரியாத்தான் சொல்றா."

கனகராஜ் உட்காரவில்லை. போதகர் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குமுதா பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"என் வேன பார்த்துத்தான் நம்பர் குடுத்தீங்களா?"

"காப்பிக் கடை வாசல்ல. நீ எறங்கி நடந்தே. அவரோட நடை. வேன்ல குமுதான்னு எழுதியிருந்துச்சு." மோட்டார் சத்தம் என்று கிளப்பியதும், முப்பதையும் அழுத்திப் பார்க்கச் சொன்னதும் அவரேதான். சன்னாசி போனதும் ஆர்கன் அறைப் பூட்டை மாற்றிவிட்டார்கள், சாவி கமிட்டிப் பெட்டிக்குப் போய்விட்டது. கேட்டால் எதற்கு என்பார்கள். ஒரு வருடம் போனது, இன்னொரு வருடம் போனது. இப்போது முழங்கால் அந்தப் பலகைக்கு ஒத்துவராது. தானாகச் சொல்லும் தைரியம் என்றைக்குமே வரவில்லை. வேறொருத்தி கண்டுபிடித்தால் மறுக்காமல் இருக்கும் தைரியம் மட்டும்தான் இருந்தது.

"எதுக்குச் செஞ்சீங்க?"

புஷ்பலதா தன் கைகளைப் பார்த்தார். "சாவி ஒப்படைக்கணும்னா பட்டியல் சரியா இருக்கணும். ஒண்ணு குறைஞ்சா விடமாட்டாங்க. ரெண்டு மாசம் கிடைக்கும்னு நெனச்சேன். அப்புறம் நானே எங்கயாவது கண்டெடுத்த மாதிரிக் குடுத்திடலாம்னு." நிறுத்தினார். "ஒரே நாள்ல அனுப்பிடுவாங்கன்னு யாரு நெனச்சா? பட்டியலக்கூட எடுக்கல."

"ரெண்டு மாசம் இருந்து?"

"இருந்து ஒண்ணுமில்ல. சனிக்கிழமை சாயங்காலம் நான் வாசிப்பேன், அவர் சுவருக்குப் பின்னால காத்தடிப்பாரு. நான் வேகமா வாசிக்கப் போறேன்னு அவருக்கு முன்னாடியே தெரியும், காத்து தயாரா இருக்கும். அவ்வளவுதான் எங்களுக்குள்ள. ஒரு வார்த்த தப்பாப் பேசினதில்ல."

துண்டு எப்படி வந்தது? அதைச் சன்னாசி ஒருநாள் சந்தில் மறந்துவிட்டுப் போயிருந்தார். புஷ்பலதா எடுத்துப்போய்த் துவைத்துத் தைத்தார். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. குழாய்க்குள் கீறல் விழக்கூடாது என்று அன்றைக்கு அதில் சுற்றினார். அது யாரைக் காட்டிக்கொடுக்கும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"எங்கப்பா உங்களப் பார்த்தாரா, உள்ள போறப்ப?"

"மூட்டையோட போனேன். நேராப் பார்த்தாரு. விசை ஒட்டுது, சரிபண்ணிட்டு வாரேன், நீங்க அடிங்கன்னேன். அடிச்சுக்கிட்டே இருந்தாரு." அவர் குரல் தேய்ந்தது. "மறுநாள் அவருக்குப் புரிஞ்சிருக்கும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாரு. சொல்லல."

யாரும் போகல. அப்பா ஏன் வேலையை விடப்போனார் என்பதும் குமுதாவுக்கு அப்போது புரிந்தது. மனைவியும் பிள்ளையும் உள்ள மனுசன், இது வளர்வதற்குள் விலகிப் போகப் பார்த்திருக்கிறார். இந்த அம்மா நிறுத்தப் பார்த்திருக்கிறார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார்கள். பரிதாபம் வரும் என்று எதிர்பார்த்தாள். கோபம்தான் வந்தது.

"தோட்டத்துல எங்கம்மா தண்ணிக் குழாய்கிட்ட வரிசையில நின்னா, பின்னாடி நிக்கிறவங்க டம்ளர எடுத்து வாளியில தட்டுவாங்க. கிண்ணத் திருடன் பொண்டாட்டின்னு வாயால சொல்லத் தேவையில்ல பாருங்க. எட்டு வருசம். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியாமலே செத்துட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் காப்பாத்தினது உங்க ரகசியத்த. வெல குடுத்தது அவங்க."

புஷ்பலதா பழுதுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நீங்க எந்திரிச்சுச் சொல்லணும். அப்பா எடுக்கலன்னு. எங்கம்மா பேரையும் சேத்துச் சொல்லணும்."

"சொல்றேன்." பிறகு, "அவங்க பேரு எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

"ராக்காயி."

*

ஞாயிறு, காலை 9.55.

குமுதா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளே பாகான் டத்தோவுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். வண்டி எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போகட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றார் அப்பா. இப்போது அவரைத் திரும்பக் கூப்பிட்டு, இங்கே பேசுவது கேட்கட்டும் என்று போனைப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

10.02க்குப் புஷ்பலதா ஆர்கன் பக்கத்திலிருந்து எழுந்து நின்றார். எழுதிவைத்த காகிதம் எதுவும் இல்லை. கிண்ணத்தை எடுத்தது தான் என்றார். சன்னாசி எடுக்கவில்லை, அவருக்குத் தெரிந்து எதுவும் நடக்கவில்லை என்றார். அந்தப் பழியைச் சுமந்தது அவரும், அவர் மனைவி ராக்காயியும், பிள்ளையும் என்றார். காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கனகராஜ் தன் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

போனில் மூச்சுச் சத்தம் கேட்டது.

போதகர் எழுந்து பாட்டு எண்ணைச் சொன்னார். வாசிக்க வேறு ஆள் இல்லை. புஷ்பலதா உட்கார்ந்தார். துருத்தி நிரம்பும் ஓசை கேட்டது.

குமுதா போனை எடுத்து அழைப்பைத் துண்டித்தாள். பெயர்கள் இரண்டும் அவருக்குக் கேட்டிருக்கும். அது போதும். அதற்கு மேல் கேட்க அவருக்கு என்ன இருக்கிறது? ராக்காயியின் மகளாக அவள் செய்யக்கூடிய ஒரே காரியம், அந்த வாசிப்பை அவருக்குக் கேட்கவிடாதது என்று பட்டது.

ஆர்கன் தொடங்கியது. தரை வழியாக ஏறி, பெஞ்சு வழியாக ஏறி, பதின்மூன்று வயதில் ஏறிய அதே இடத்தில் வந்து நின்றது.

முதல் அடி முடிவதற்குள் போன் அதிர்ந்தது. திரையில் அப்பா.

அதிர்ந்துகொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவராக அவளைக் கூப்பிட்டது எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தாள். ஒரு கைவிரல் போதும்.

எடுத்தாள். அவர் எதுவும் பேசவில்லை. எழுந்து, ஓரமாக நடந்து, ஆர்கனுக்கு மிக அருகில் இருந்த காலிப் பெஞ்சில் போனை முகம் மேலாக வைத்துவிட்டு, வெளியே போய் வேன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.